பாப்போம் வாங்கிய பிளேயர்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டில் அதைப் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் சட்டைத் தொழிற்சாலை வாசலில் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாப்போம் என்று கேட்டால் போதும், மாடியில் கடைசி மேசையைக் கை காட்டுவார்கள். எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்று சொல்கிற மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? டீ குடிக்கப் போகலாமா என்றால் பாப்போம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர்றீங்களா என்றால் பாப்போம். ஒருமுறை மேசைக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணியில் தீப்பிடித்து, "அண்ணே, எந்திரிங்க" என்று கத்தினபோதும் அதையேதான் சொன்னார் என்று ஒரு கதை சுற்றும். அது பொய். எழுந்து ஓடத்தான் செய்தார். ஓடும்போதுதான் சொன்னார்.

அவர் வேலை அப்படி. தைத்து, இஸ்திரி போட்டு, மடித்துப் பெட்டிக்குள் போகப் போகிற சட்டை கடைசியாக அவர் கைக்கு வரும். காலரைப் பார்ப்பார், கைமடிப்பைப் பார்ப்பார், தையலைப் பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஆனால் பட்டனுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு விரலால் பிடித்து ஒரு இழுப்பு, அரைச் சுற்று ஒரு திருப்பு. பட்டன் விஷயத்தில் கண் ஏமாந்துவிடும், விரல் ஏமாறாது என்பது அவர் கட்சி. அவர் கையைத் தாண்டிப் போன சட்டையில் பட்டன் தெறித்ததாக இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் நான் அவரைக் கிண்டல் மட்டும்தான் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

வினை என்னவென்றால், அந்தக் கை வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு குடை வாங்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று. செருப்பு வாங்கப் போனால், கடைக்காரர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்க்கும்போதும் அதே நாற்காலியில், அதே செருப்பின் வாரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காசு இல்லாதவர் காசை வீணாக்கக் கூடாது, அது சரிதான். ஆனால் தக்காளியை அமுக்கிப் பார்க்கிற மாதிரி வாழ்க்கையை அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி?

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. அதே தொழிற்சாலை கேன்டீனில் சமையல் செய்துகொண்டிருந்த பெண், இவர் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்காகத் தன்னைப் பார்ப்பதும், பிறகு ஒன்றும் சொல்லாமல் போவதுமாக இருப்பதைக் கண்டு, ஒரு நாள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"என்னைக் கட்டிக்கிறதா உத்தேசம் இருக்கா, இல்லையா?"

அவர் வழக்கம்போல, "பாப்போம்" என்றார்.

"இன்னும் என்ன பாக்கணும்? முன்னாலதான நிக்கிறேன்?"

அடுத்த மாதமே கல்யாணம். அவர் வாழ்க்கையில் சீக்கிரமாக நடந்த ஒரே காரியம் அதுதான், அதுவும் அவர் நடத்தியது இல்லை.

அந்தம்மாவை எல்லோரும் கேன்டீனம்மா என்றே கூப்பிடுவார்கள். இவருக்கு நேர் எதிர். கால் ஒரு இடத்தில் தரிக்காது. உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் குறைவு. சமைப்பதோ காதால். எண்ணெய் காய்ந்ததா என்று சட்டியை எட்டிப் பார்க்க மாட்டாள், சத்தம் சொல்லும். பத்து அடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கும்போதே, "அந்தப் பாலை இறக்கு" என்பாள். இறக்கப் போனால் அப்போதுதான் நுரை விளிம்புக்கு வந்திருக்கும். இந்தக் காதுப் பழக்கத்துக்கு ஒரு காரணமும் உண்டு. வலது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறிக் கண். நிறம் தெரியும், உருவம் தெரியும், அதற்கு மேல் கிடையாது. ஊசியில் நூல் கோப்பது, கல் பொறுக்குவது, பஸ் நம்பர் படிப்பது எல்லாம் இடது கண்ணை நம்பித்தான்.

அந்த இடது கண்ணில்தான் ஒரு சாயங்காலம் ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரு திரை இறங்கியது.

"ஏங்க, கண்ணு ஒரு மாதிரி இருக்கு. கதவை யாரோ பாதி சாத்துன மாதிரி."

அவர் தலையைச் சாய்த்து, விளக்குக்கு நேராக அவள் முகத்தைப் பிடித்து, கண்ணை நன்றாக ஆராய்ந்தார். சிவக்கவில்லை, நீர் வடியவில்லை. "வெளியில ஒண்ணும் தெரியல. ரெண்டு நாள் பாப்போம்" என்றார்.

கேன்டீனம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலும் பாதி ஆள்தான் தெரிந்திருப்பார். பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகக் கிளம்பிவிட்டாள். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

டாக்டரம்மா பொறுமையானவர். கண்ணுக்குள் பின்பக்கம் படம் விழுகிற திரை ஒன்று இருக்கிறது, அது சுவரில் ஒட்டின காகிதம் போலப் பெயர்ந்து வருகிறது, நாளை மறுநாளே ஆபரேஷன் என்றார். "இன்னைக்கே வந்தீங்க, நல்லதாப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா என்னால எதுவும் உறுதியாச் சொல்லியிருக்க முடியாது."

ரெண்டு நாள் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவர் குனிந்துகொண்டார். மனைவி பக்கம் திரும்பவே இல்லை. அவளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பரவாயில்லையே என்றிருந்தது அவருக்கு.

டாக்டரம்மா அதோடு விடவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி வைப்போம், அது மேலே எழும்பித் திரையை அழுத்திப் பிடிக்கும், அதற்காக ஒரு வாரம் குப்புறப் படுத்தே இருக்கவேண்டும் என்றார். சாப்பிடும்போதும் குனிந்த தலை, பாத்ரூம் போகும்போதும் குனிந்த தலை. "நிமிர்ந்தா குமிழி இடம் மாறும். ஒட்ட வேண்டியது ஒட்டாது. ஆபரேஷன் பாதி வேலைதான், மீதி நீங்க படுத்துக்கிறதுல இருக்கு."

"ஒரு வாரமா?" என்றாள் கேன்டீனம்மா. ஆபரேஷன் என்றபோது கலங்காதவள் இதற்குக் கலங்கிப்போனாள். "டாக்டர், என்னால ஒரு பாட்டு முடியிற வரைக்கும்கூட சும்மா இருக்க முடியாதே."

"அப்ப நிறையப் பாட்டு கேளுங்க. ஆனா போன் வேண்டாம். போன் கையில இருந்தா பாக்கத் தோணும், யாராவது கூப்பிட்டா எழுந்து உக்காரத் தோணும். சின்னதா பிளேயர் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க. பட்டன் வச்சது. பாக்காம அமுக்குற மாதிரி."

பட்டன் என்றதும் இவர் நிமிர்ந்தார். கண்ணைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, திரையைப் பற்றித் தெரியாது, குமிழியைப் பற்றித் தெரியாது. பட்டன் தெரியும். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் தன்னால் செய்ய முடிந்த ஒரு காரியம் கிடைத்துவிட்ட மாதிரி அவருக்குப் பட்டது. இதையாவது தப்பில்லாமல் செய்துவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒற்றைக் காலில் நின்றார்.

அன்றைக்கே போனார். எலக்ட்ரிக் சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. அதில் ஒரு ஒடுக்கமான கடை, கடைக்காரம்மா ஒருத்தி, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு இயர்போன் ஒயரின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கே கையில் இருந்தது கரைந்துவிட்டது. அதனால், "விலை கொஞ்சமா இருக்கணும், பொருள் நல்லா இருக்கணும்" என்று ஆரம்பித்தார்.

"எல்லாரும் அப்படித்தாண்ணே கேப்பாங்க" என்று அவள் மூன்றை எடுத்து வைத்தாள்.

முதலாவதில் பட்டனே இல்லை, வழவழவென்று கண்ணாடி. தொடாமலேயே தள்ளிவிட்டார். இரண்டாவது கட்டைவிரல் அளவு, சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப், காதுத் துளையை ரப்பரால் அடைத்துக்கொள்கிற இயர்போன். "அதிகம் போறது இதுதான். விலையும் கம்மி" என்றாள். அதன் பட்டன்களைத் தடவிப் பார்த்தார், எல்லாம் ஒன்றுபோல மட்டமாகப் பதிந்து கிடந்தன. உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது ஒரு சோப்பு டப்பா அளவு, முன்னால் ஸ்பீக்கர், பெரிய பெரிய பட்டன்கள், பக்கத்தில் மெமரி கார்டு போட ஒரு வாய்.

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பட்டனாக இழுத்தார். திருப்பினார்.

"அண்ணே, அது அமுக்குறதுக்கு. இழுக்கிறதுக்கில்ல."

"தெரியும்மா. உறுதியா இருக்கான்னு பாக்குறேன்."

அன்று ஷட்டர் இறக்குகிற வரைக்கும் பார்த்தார். மறுநாள் கடை திறக்கும்போதே வந்து நின்றார். அணைத்துப் போட்டால் விட்ட இடத்திலிருந்து பாடுமா, இல்லை முதலிலிருந்து ஆரம்பிக்குமா? சார்ஜ் தீரும்போது முன்கூட்டியே சொல்லுமா, இல்லை பொசுக்கென்று போய்விடுமா? தூக்கத்தில் கை பட்டால் என்ன ஆகும்? கேள்வி கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்கினார். கடைசியில் அவர் ஒரு அட்டைப் பெட்டியைத் தரையில் பிரித்துப் போடச் சொன்னபோது, அவளுக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. அவர் அதன்மேல் குப்புறப் படுத்துவிட்டார். கடைக்கு வந்த இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போய் பேட்டரி வாங்கினார்கள்.

"அண்ணே, உடம்புக்கு என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணுமில்ல. என் வீட்டுக்காரம்மா ஒரு வாரம் இப்படித்தான் கிடக்கணும்" என்று தரையைப் பார்த்தபடியே சொன்னார். கண் விஷயத்தை முழுக்கச் சொன்னார். ரெண்டு நாள் பாப்போம் என்று தான் சொன்னதையும் சொன்னார். அதை அவர் வேறு யாரிடமும் சொன்னதில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு தரையிடம் சொல்வது சுலபமாக இருந்ததோ என்னவோ.

கடைக்காரம்மா அதன்பிறகு கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலைவிட்டு இறங்கி, ஸ்பீக்கர் பிளேயரை அவர் கையில் கொடுத்தாள். படுத்தபடியே அமுக்கிப் பார்த்தார். தொங்குகிற கைக்கு வாகாக இருந்தது. ஒயர் இல்லை, கட்டுப் போட்ட இடத்தில் எதுவும் சிக்காது. "இதுதான்" என்றார். எழுந்தபோது முழங்காலில் அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தது.

பாட்டு ஏற்றுவதற்கு என்னென்ன பாட்டு என்று கடைக்காரம்மா கேட்டாள். இவருக்கு ஒரு பாட்டின் பெயரும் தெரியாது. மனைவி வேலை செய்துகொண்டே முனகுவது தெரியும், அதையே முனகிக் காட்டினார். அந்தம்மாவும் எந்தப் பாட்டையும் முழுசாகப் பாடியதில்லை, முதல் வரி பாடுவதற்குள் வேறு வேலை வந்துவிடும், மீதியெல்லாம் "ம்ம்ம்" தான். இவர் குரலோ கதவுக் கீல் குரல். அதை வைத்துக்கொண்டு கடைக்காரம்மா பாட்டைக் கண்டுபிடித்ததுதான் பெரிய காரியம். கண்டுபிடிக்க முடியாததற்கெல்லாம் அதன் அக்கம்பக்கத்துப் பாட்டாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகளுக்குக் கைக்குழந்தை, வெளியூர், வர முடியாது. தொழிற்சாலையில் இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டு வீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். முன்னறையில் கட்டிலைப் போட்டு, தலைமாட்டில் இரண்டு தலையணையை இடைவெளி விட்டு அடுக்கி, அந்த இடைவெளியில் முகம் பதிகிற மாதிரி படுக்கவைத்தார். கீழே தரை. சோம்பேறிக் கண்ணுக்குத் தெரிவது அந்தத் தரையும், அதில் வந்து போகிற இவர் காலும்தான்.

"இத்தனை வருஷத்துல உங்க காலை நான் ஒழுங்காப் பாத்ததே இல்ல" என்றாள். "கட்டைவிரல் ஏன் இப்படித் திரும்பியிருக்கு?"

"பொறந்ததுலேருந்தே அப்படித்தான். நீ பேசாமப் படு. பாட்டைப் போடு."

பட்டன் சரியாக விரலில் கிடைத்தது. பாட்டு வந்தது. அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, அடுத்த அறையில் அடுப்பைப் பற்றவைத்தார்.

அங்கேதான் ஆரம்பித்தது. பால் காய்கிற சத்தம் மாறுவது இவர் காதுக்கு எட்டவே இல்லை. முன்னறையிலிருந்து, "பாலு" என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தால் கேன்டீனம்மா தலையைத் தூக்கிக் கையை ஊன்றிக்கொண்டிருக்கிறாள். இவர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் பிடரியில் கை வைத்துத் தலையைப் பதியவைத்தார். பின்னால் பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

"பாலு போனாப் போகுது. நீ தூக்காத."

"தெரியாமத் தூக்கிட்டேங்க. தலை தானாப் போகுது."

பொய்யில்லை. அன்று முழுக்க அந்தத் தலை தானாகத்தான் போனது. குக்கர் விசில் ஒன்று கூடினால் தலை எழும். வெங்காயம் நறுக்குகிற சத்தத்தில் கத்தி விரலுக்குப் பக்கத்தில் போவது அவளுக்குக் கேட்கும், தலை எழும். குழாயைச் சரியாக மூடவில்லை என்றால் எழும். எண்ணெய் காயாமல் முட்டையை உடைத்து ஊற்றினால், அந்தச் சப்பைச் சத்தத்துக்கே எழும். ஸ்பீக்கரில் பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்தார். "பாட்டுக்குப் பின்னால அடுப்பு கேக்குதே" என்றாள், அழாத குறையாக.

மறுநாள் டாக்டரம்மா கட்டைப் பிரித்து உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் பார்த்தார். "ஓரத்துல ஒரு இடம் இன்னும் பிடிக்கல. தலையைத் தூக்கினீங்களாம்மா?"

கேன்டீனம்மா குனிந்தபடியே தலையாட்டினாள்.

"இனிமே கூடாது. இந்த நாலஞ்சு நாள்தான் முக்கியம். விட்டுட்டா மறுபடி ஆபரேஷன், அப்புறம் எவ்வளவு பார்வை திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் இவர் அடுப்பையே பற்றவைக்கவில்லை. ரொட்டியும் பழமும் வாங்கி வைத்தார். ஆனால் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கிற சரசரப்புக்கே, "எதுக்குங்க வெறும் ரொட்டி, ஒரு முட்டையாவது" என்று முகம் இடைவெளியிலிருந்து எழும்பப் பார்த்தது. அவர் கையில் ரொட்டியோடு அப்படியே நின்றார். பூனை மாதிரி நடந்தார். தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்மினார். ஆனாலும் வீடு என்றால் சத்தம் இருக்கும். அவளுக்கு அந்த வீட்டின் ஒவ்வொரு சத்தமும் ஒரு வேலை. முப்பது வருஷமாக அந்தச் சத்தத்துக்கெல்லாம் எழுந்து ஓடின உடம்பு, இப்போது எழாதே என்றால் எப்படிக் கேட்கும்?

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து யோசித்தார். எங்கே தப்பு? விட்ட இடத்திலிருந்து பாடுகிறது. பட்டன் உறுதி. சார்ஜ் நிற்கிறது. குப்புறப் படுத்துகூடப் பார்த்தாயிற்று. எல்லாவற்றையும் இழுத்து இழுத்துப் பார்த்தவர், ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. தான் கடையில் படுத்திருந்தபோது அடுத்த அறையில் யாரும் சமைக்கவில்லை.

அவளுக்கு வேண்டியது பாட்டு கேட்பது இல்லை. வீட்டுச் சத்தம் கேட்காமல் இருப்பது.

அது புத்தியில் பட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. எழுந்தார். "நான் கடைக்குப் போயிட்டு உடனே வந்துர்றேன். அடுப்பு அணைஞ்சிருக்கு, குழாய் மூடியிருக்கு, கதவு பூட்டியிருக்கு. எந்தச் சத்தம் கேட்டாலும் அது நம்ம வீட்டுச் சத்தமில்ல. புரியுதா?"

"புரியுது. பார்த்துப் போங்க."

கடைக்காரம்மா இவர் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துத் தயாராக வைத்தாள்.

"காதை அடைக்கிற மாதிரி ஒண்ணு காட்டினீங்களே, சின்னது. அது ஒண்ணு குடுங்க. இந்தக் கார்டை அதுல போட்டுருங்க."

"அதுலயே மூணு மாடல் வந்திருக்கு, எடுக்கட்டுமா?"

"வேண்டாம்மா. அதுவே போதும்."

"போட்டுப் பாக்கலையா?"

"வேண்டாம்."

"பட்டனையாவது இழுத்துப் பாருங்கண்ணே, எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

அவர் அதற்குள் காசைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கியிருந்தார்.

வீட்டில் அவள் அசையாமல் கிடந்தாள். இயர்போனை அவரே அவள் காதில் பொருத்தினார். பிளேயரை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டினார். ஆனால் அந்த மட்டமான பட்டன்களில் எது பாட ஆரம்பிக்கிற பட்டன் என்று அவள் விரலுக்குப் பிடிபடவே இல்லை, தடவித் தடவிச் சலித்துப்போனாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தையல் டப்பா எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது, அவளைக் கேட்டால் தலையைத் தூக்குவாள். குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். நீலச் சட்டை. மூன்றாவது பட்டனை இரண்டு விரலால் பிடித்தார், அவர் கையாலேயே பாஸ் பண்ணின பட்டன், சாமானியமாக வரவில்லை. கத்தியால் நூலை அறுத்து எடுத்து, பசை வைத்து, பிளேயரில் அந்த இடத்தில் ஒட்டினார்.

கேன்டீனம்மாவின் விரல் தேடிக்கொண்டு வந்து அதன்மேல் நின்றது. நாலு துளையையும் எண்ணியது. "ம்" என்றாள், அமுக்கினாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் பால் பொங்கியது, சோறு அடிப்பிடித்தது, ஒரு தட்டு கை தவறி விழுந்து சுக்குநூறானது. அவள் தலை அசையவில்லை. பாதி வரியோடு விட்டுவிட்ட பாட்டுகளின் மீதியெல்லாம் இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. இவர் அடுத்த அறையில் கருகின வெங்காயத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது, முன்னறையில் ஒரு குரல் முதல் வரி, இரண்டாவது வரி, அதற்கப்புறமும் பாடிக்கொண்டே போகும். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பாட்டை முடித்து அவர் கேட்டது அப்போதுதான். கரண்டியைப் பிடித்தபடி நின்று கேட்பார். சாப்பாட்டை எடுத்துப் போகும்போது காலைத்தான் முதலில் நீட்டுவார், தான் வந்திருப்பது அவளுக்குத் தெரியட்டும் என்று. அவள் காதிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு, "கால்ல மஞ்சத்தூளைக் கொட்டிட்டீங்க போல" என்பாள்.

வாரக் கடைசியில் டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டு, "ஒட்டிடுச்சு" என்றார். இனி நிமிரலாம். உள்ளே இருக்கிற குமிழி கரையக் கரையப் பார்வை வரும், முதலில் மேலே தெளியும், பிறகு மெல்லக் கீழே இறங்கும், எவ்வளவு தெளிவாக வரும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார். பொறுத்திருந்து பார்ப்பது இவருக்குக் கைவந்த கலைதானே. ஆனால் இந்தத் தடவை அது முடியவில்லை. காலையில் எழுந்ததும், "ஏதாவது தெரியுதா?" மத்தியானம், "இப்ப?" விளக்கு போட்டதும், "இப்ப எப்படி இருக்கு?"

"தெரிஞ்சாச் சொல்ல மாட்டேனா? ஏன் இப்படி அவசரப்படுறீங்க?" என்றாள். அவரைப் பார்த்து அந்த வார்த்தையை உலகத்தில் யாரும் சொன்னதில்லை.

லீவு முடிந்து வேலைக்குக் கிளம்புகிற நாள் வந்தது. மற்றதையெல்லாம் துவைக்காமல் சேர்த்து வைத்ததில் மிஞ்சியிருந்தது அந்த நீலச் சட்டைதான். ஆயிரக்கணக்கான பட்டனை இழுத்துப் பார்த்தவருக்கு ஒரு பட்டன் தைக்கத் தெரியாது. தைக்கச் சொல்லி அவளிடம் கொடுக்கவும் மனசு வரவில்லை. அப்படியே மாட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பையை எடுத்தார்.

"நில்லுங்க" என்றாள் கேன்டீனம்மா.

வாசல் வெளிச்சம் அவர்மேல் விழுகிற மாதிரி தோளைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையால் சோம்பேறிக் கண்ணை மூடிக்கொண்டாள். இடது கண்ணைத் திறந்து, முகத்தை அவருக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"காதோரம் நரைச்சிடுச்சு."

அவள் இன்னும் கொஞ்சம் கீழே வந்தாள்.

"தாடையில ஒரு இடத்துல ஷேவ் விட்டுப்போச்சு."

காலருக்கு வந்தாள். முதல் பட்டன். இரண்டாவது பட்டன். அங்கே நின்றாள்.

"மூணாவது பட்டன் எங்கங்க?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது, அதனால் அவள் கழுத்தில் தொங்கின பிளேயரைக் கை காட்டினார். அவள் அதை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இத்தனை நாளாக விரலால் மட்டும் பார்த்தது. நீலம். நாலு துளை. ஓரத்தில் பசை வழிந்திருந்தது.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கழட்டுங்க சட்டையை. டப்பாவுல வேற பட்டன் கிடக்கும், தைச்சுத் தர்றேன்" என்றாள்.

"ஊசியில நூல் கோக்க முடியுமா உன்னால?"

"பாப்போம்" என்றாள்.

அன்றைக்கு அவர் வேலைக்கு லேட். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம், பட்டன் தைக்கக் கொடுத்திருந்தேன் என்றார்.